சாவி யாரிடம் இருக்கிறது

1996 அக்டோபரில் டப்ளின் நகரத்தின் ஷான் மெக்டெர்மட் தெருவில் ஒரு சலவைக்கூடம் மூடப்பட்டது. அயர்லாந்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த மகதலேனா இல்லங்களில் அதுவே கடைசி. திருமணமாகாமல் கருவுற்றவர்கள், பாலியல் தொழிலில் இருந்தவர்கள், ஆதரவற்ற சிறுமிகள், வீட்டார் ‘அடங்காதவள்’ என்று தள்ளிவிட்டவர்கள் என்று பலரும் அந்த இல்லங்களில் அடைக்கப்பட்டார்கள். சம்பளமில்லாமல் ஊராரின் துணியை வெளுத்தார்கள். சொந்தப் பெயரில் அழைக்கப்படும் உரிமைகூடப் பலருக்கு இல்லாமல் போனது. 1922க்குப் பிறகு மட்டும் ஏறத்தாழ 10,000 பெண்கள் இவற்றுக்குள் போனதாக அயர்லாந்து அரசின் விசாரணை அறிக்கை சொல்கிறது. 1993இல் டப்ளினின் ஹை பார்க் மடத்து நிலம் விற்கப்பட்டபோது அங்கிருந்து 155 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. இறந்தவர்களில் பலருக்கு இறப்புச் சான்றிதழே இல்லை. பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டது 2013 பிப்ரவரியில்தான்.

டப்ளினில் அந்தக் கதவு மூடிய மறுவருடம், 1997இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில் ஐந்து பெண்கள் ஒரு வீட்டில் குடியேறினார்கள். போதைப் பழக்கத்திலும் பாலியல் தொழிலிலும் சிக்கி, தெருவுக்கும் சிறைக்குமாக அலைந்தவர்கள் அவர்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயரும் மகதலேன்தான். அதைத் தொடங்கியவரும் ஒரு மதகுருவே: எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்த பெக்கா ஸ்டீவன்ஸ் என்ற பெண்.

இரு இடங்களிலும் வாசிக்கப்பட்டது ஒரே விவிலியம். வந்து சேர்ந்த பெண்களும் ஊரால் ஒதுக்கப்பட்டவர்களே. ஆனால் ஒன்று சிறையாகவும் மற்றது வீடாகவும் ஆனது. மத நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட போதை மறுவாழ்வு இல்லங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘ஜெபத்தால் போதை தீருமா?’ என்ற கேள்வியிலேயே சுற்றிச்சுற்றி நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியால் யாருக்கும் பயனில்லை. வாசற்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, உழைப்புக்குக் கூலி உண்டா, வேண்டாம் என்றால் வெளியேற முடியுமா, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டுப் பார்த்தால்தான் ஓர் இல்லத்தின் நிறம் தெரியும்.

பெக்கா ஸ்டீவன்ஸின் தந்தையும் ஒரு குருவானவர். மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, குடித்துவிட்டு வண்டியோட்டிய ஒருவரால் அவர் கொல்லப்பட்டார். அதன்பின் தேவாலய நிர்வாகத்தில் இருந்த ஒருவர் அந்தச் சிறுமியைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். இதை ஸ்டீவன்ஸ் பொதுமேடைகளிலும் புத்தகங்களிலும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1991இல் குருத்துவம் பெற்று, வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை ஒட்டிய புனித அகுஸ்தீன் ஆலயத்தில் பணியாற்றத் தொடங்கிய அவருக்கு, தெருவில் நின்ற பெண்களின் கதையில் தன் குழந்தைப் பருவத்தின் சாயல் தெரிந்ததில் வியப்பில்லை. இல்லத்துக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் ஏழு வயதிலிருந்து பதினொரு வயதுக்குள் முதல்முறை பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள். பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதில் தெருவுக்கு வந்தவர்கள். போதை பின்னால் வந்து சேர்ந்தது. இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாத எந்த மறுவாழ்வு முயற்சியும் பெண்களிடம் தோற்றுத்தான் போகும். முதல் காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போதையை மட்டும் நிறுத்தச் சொல்வது, வலி மருந்தைப் பிடுங்கிக்கொண்டு வலியை அவளிடமே விட்டுவிடுவதற்குச் சமம்.

அந்த வீட்டின் ஏற்பாடுகள் எளிமையானவை. இரண்டு ஆண்டுகள் தங்கலாம். வாடகை இல்லை, கட்டணம் இல்லை. உடன் தங்கிக் கண்காணிக்கும் ஊழியர் யாரும் இல்லை. சமைப்பது, பெருக்குவது, சண்டை வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது எல்லாம் அங்கே வசிக்கும் பெண்களின் பொறுப்பு. சாவியும் அவர்களிடமே இருக்கும். கைதானபோதெல்லாம் தன் பின்னால் கதவு பூட்டப்படும் சத்தத்தையே கேட்டுப் பழகிய ஒருத்திக்கு, தான் பூட்டித் திறக்கும் கதவு என்பது புது அனுபவம். மனநல ஆலோசனையோடு மருத்துவமும் பல் சிகிச்சையும் உண்டு. பல் சிகிச்சை சின்ன விஷயமாகத் தோன்றலாம். கிராக் கொக்கைனும் மெத்தாம்ஃபெட்டமினும் பற்களை அரித்துவிடும். அடித்து உடைக்கப்பட்ட பற்களும் உண்டு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசும் பெண்ணுக்கு, சிரிக்க முடிவதே சிகிச்சையின் பாதி.

மதம் இதில் எங்கே வருகிறது? ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கைப் பின்பற்றி, இந்தச் சமூகம் தனக்கென 24 நெறிகளை வகுத்துக்கொண்டது. அவை 2008இல் புத்தகமாகவும் வந்தன. பெண்களும் ஊழியர்களும் விருந்தினரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, இன்னும் தெருவில் இருக்கும் பெண்ணுக்காக வேண்டிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஞானஸ்நானம் பெறு, சாட்சி சொல், பாவத்தை அறிக்கையிடு என்ற நிர்ப்பந்தம் கிடையாது. நம்பிக்கை இங்கே செய்யும் வேலை, உதவி செய்பவர்களைக் கைவிடாமல் நிற்கவைப்பது. அரசு மானியத்தில் நடக்கும் சிகிச்சை பெரும்பாலும் 28 நாட்களில், மிஞ்சினால் 90 நாட்களில் முடிந்துவிடும். காப்பீட்டு நிறுவனங்களும் பொதுவாக அதற்கு மேல் பணம் தருவதில்லை. ஒரு மனிதருக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருக்க, கணக்குப் பார்க்காத ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. ஸ்டீவன்ஸைப் போன்றவர்களுக்கு அது விசுவாசம்.

மகதலேனா என்ற பெயரைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். மகதலேனா மரியாள் விலைமாது என்று நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. ஏழு பேய்கள் அவளைவிட்டு நீங்கின என்றும், உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களில் அவளும் ஒருத்தி என்றும்தான் இருக்கிறது. 591இல் போப் கிரகோரி தன் பிரசங்கத்தில் லூக்கா நற்செய்தியில் வரும் பெயரில்லாத பாவியான பெண்ணையும் இவளையும் ஒன்றாக்கினார். அதன்பின் பல நூற்றாண்டுகளாகப் ‘புனர்வாழ்வு’ என்ற பெயரில் பெண்களை அடைத்துவைத்த இல்லங்கள் பலவும் அவள் பெயரையே தாங்கின. ஒரு பெண்ணைப் பார்த்ததும் முதலில் அவள் பாவத்தைத் தேடும் பழக்கத்துக்கு அத்தனை பழைய வேர் இருக்கிறது.

நாஷ்வில் வீட்டில் நான்கைந்து ஆண்டுகள் கடந்த பின் ஒரு முட்டுக்கட்டை தெரிந்தது. பெண்கள் போதையை விட்டிருந்தார்கள். ஆனால் வேலை கிடைக்கவில்லை. கைதுப் பட்டியலைப் பார்த்ததும் எல்லாரும் கைவிரித்தார்கள். 2001இல் ஒரு தேவாலயச் சமையலறையில் மெழுகுவர்த்தியும் உடலுக்குப் பூசும் தைலங்களும் செய்யத் தொடங்கினார்கள். ‘திஸில் ஃபார்ம்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். திஸில் என்பது சாலையோரத்திலும் கைவிடப்பட்ட மனைகளிலும் தானாக முளைக்கும் முட்செடி, ஊதாப் பூ பூக்கும், வறட்சியையும் தாங்கும். சோயா மெழுகை உருக்கி, நறுமண எண்ணெயைக் கலந்து, திரி நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஆறியபின் சீட்டு ஒட்டி, எண்ணிப் பெட்டியில் அடுக்குவது நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகும் வேலை. இதற்குச் சம்பளம் உண்டு. பெண் சேமிக்கும் பணத்துக்கு ஈடாக நிறுவனமும் ஒரு தொகை போடும் ஏற்பாடும் வந்தது. 2013இல் ஒரு தேநீர் விடுதியும் திறந்தார்கள். ருவாண்டாவில் ஜெரேனியம் எண்ணெய் எடுக்கும் பெண்கள் கூட்டுறவோடும் வணிகத் தொடர்பு ஏற்பட்டது. 2011இல் வெள்ளை மாளிகை ஸ்டீவன்ஸைப் பாராட்டியது, 2016இல் சி.என்.என். தொலைக்காட்சி தன் ‘ஹீரோ’ பட்டியலில் சேர்த்தது. பாராட்டுகளைவிடப் பெரிது, வந்த பெண்களில் சிலர் அதே நிறுவனத்தில் மேலாளர்களாகவும் புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் ஆனது.

சம்பளம் என்ற விஷயத்தில் நின்று பேசவேண்டும். டப்ளின் சலவைக்கூடத்துக்கும் நாஷ்வில் பட்டறைக்கும் இடையே கோடு விழுவது அங்கேதான். உழைப்பு மனிதரைத் திருத்தும் என்ற எண்ணம் மத இல்லங்களில் ஊறிப்போனது. அந்த எண்ணம் எவ்வளவு எளிதாகச் சுரண்டலாகிவிடும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்த்த வழக்கு ஒன்று போதும். டோனி, சூசன் அலமோ தம்பதியினரின் கிறிஸ்தவ அறக்கட்டளை பெட்ரோல் பங்க், துணிக்கடை, பன்றிப் பண்ணை என்று பல வணிகங்களை நடத்தியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முன்பு போதையிலோ குற்றத்திலோ இருந்து மனம் திரும்பியவர்கள். கூலி கிடையாது, சோறும் தங்குமிடமும் மட்டும். ‘எங்களுக்குக் கூலி வேண்டாம், இது எங்கள் ஊழியம்’ என்று அவர்களே சாட்சி சொன்னார்கள். நீதிபதிகள் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தார்கள். வேண்டாம் என்று சொல்பவருக்கு விலக்கு அளித்தால், அதிகாரம் உள்ள முதலாளி எல்லாரையும் அப்படிச் சொல்லவைத்துவிடுவார் என்பது அவர்கள் சொன்ன காரணம். தொழிலாளர் சட்டம் மத நிறுவனத்தின் வணிகத்துக்கும் பொருந்தும் என்று தீர்ப்பானது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை முழுதாக மாறவில்லை. ஓக்லஹோமாவில் நீதிமன்றங்கள் சிறைக்குப் பதிலாக அனுப்பிவைத்த ஆண்களை, ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு நிலையம் கோழி இறைச்சி ஆலைகளில் கூலியில்லாமல் வேலைவாங்கியதைப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் 2017இல் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை தந்த பணம் நிலையத்துக்குப் போனது. வேலை செய்யாவிட்டால் சிறை என்ற அச்சம் அந்த ஆண்களின் தலைமேல் தொங்கியது.

நாஷ்வில் மாதிரி புதியது. இதைவிடப் பழையவையும் பரவலானவையும் பெந்தகொஸ்தே மரபில் வந்த இல்லங்கள். 1958இல் பென்சில்வேனியாவின் சின்ன ஊர் ஒன்றில் போதகராக இருந்த டேவிட் வில்கர்சன், ‘லைஃப்’ பத்திரிகையில் நியூயார்க் கொலை வழக்கு ஒன்றின் செய்தியைப் படித்தார். குற்றவாளிக் கூண்டில் நின்ற சிறுவர்களின் முகங்கள் அவரைத் தூங்கவிடவில்லை. கிளம்பிப்போனார், நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார், ஆனால் நியூயார்க்கை விடவில்லை. 1960இல் புரூக்ளினின் கிளிண்டன் அவென்யூவில் ‘டீன் சேலஞ்ச்’ மையத்தைத் தொடங்கினார். ஹெராயின் பழக்கத்துக்கு மருத்துவமனைகளே கைவிரித்திருந்த காலம் அது. கெண்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி ஊசியைத் தொட்டார்கள். அந்த இருட்டில், யாருமே தொட விரும்பாத இளைஞர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, விலகல் வேதனையில் அவர்கள் துடிக்கும்போது இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள் இந்தப் போதகர்கள். அவர்களுடைய இறையியலோடு ஒத்துப்போகாதவர்களும் இதை மதிக்கவேண்டும்.

இந்த மரபில் பெண்களுக்கென்று எழுந்த முக்கியமான இல்லம், ஹட்சன் ஆற்றை ஒட்டிய கேரிசன் என்ற ஊரில் 1967இல் ஜான் பென்டன், எல்சி பென்டன் தம்பதியினர் தொடங்கியது. நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஃபனி நகைக்கடையின் தலைவர் வால்டர் ஹோவிங் அதற்குத் துணைநின்றார். இல்லத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ‘கடவுளை முயன்று பார்’ என்ற பொருளில் இரண்டே சொற்கள் பொறித்த வெள்ளிப் பதக்கத்தை டிஃபனியில் விற்று, அதன் வருமானத்தை இல்லத்துக்குக் கொடுத்தார்கள். மன்ஹாட்டனின் விலையுயர்ந்த கண்ணாடிப் பெட்டியில் இருந்த அந்தப் பதக்கம், அதே ஊரின் சந்துகளிலிருந்து வந்த பெண்ணின் சோற்றுக்குப் பணமானது. விவிலிய வகுப்பு, ஆராதனை, பாடகர் குழு, நேரம் தவறாத அட்டவணை என்று அங்கே வாழ்க்கை கட்டுக்கோப்பானது. நாஷ்வில்லைப் போல நம்பிக்கை பின்னணியில் நிற்பதில்லை, நம்பிக்கைதான் சிகிச்சை.

இதனால் பலன் உண்டா என்று அறிய முயன்ற முதல் பெரிய ஆய்வு 1970களில் நடந்தது. தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் நிதியுதவியுடன் மருத்துவர் கேதரின் ஹெஸ், 1968இல் புரூக்ளின் டீன் சேலஞ்சுக்கு வந்தவர்களை ஏழு ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்தார். பயிற்சியை முழுதாக முடித்தவர்களில் 67 சதவீதத்தினர் போதையில்லாமல் இருப்பது சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்தது. ஹெராயினைத் தொடவில்லை என்று தாங்களே சொன்னவர்கள் 86 சதவீதம். இந்த 86 என்ற எண் அதன்பின் பல பத்தாண்டுகள் துண்டுப் பிரசுரங்களிலும் அரசியல்வாதிகளின் பேச்சிலும் வலம்வந்தது. ஆனால் அது முடித்தவர்களின் கணக்கு. வந்தவர்களில் பெரும்பகுதியினர் முடிக்காமலே போய்விட்டார்கள். ஓராண்டு முழுக்க ஓர் ஒழுங்கில் நிற்க முடிந்தவர் பிறகும் நன்றாக இருப்பது இல்லத்தின் வெற்றியா, அவருக்குள் ஏற்கெனவே இருந்த உறுதியின் வெற்றியா என்று அந்த எண்ணைக்கொண்டு பிரித்தறிய முடியாது. அதிலும் பெண்களைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. புரூக்ளினில் சேர்ந்தவர்கள் அடுத்து அனுப்பப்பட்ட பயிற்சிப் பண்ணை ஆண்களுக்கானது.

பெண்ணின் போதை ஆணின் போதையைப் போன்றதல்ல. முதல்முறை எடுத்ததற்கும் அதில்லாமல் முடியாது என்றாவதற்கும் இடையிலான காலம் பெண்களிடம் குறுகியது என்பதை மதுவிலும் ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளிலும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவளுக்கு முதல் ஊசியைப் போட்டது பல நேரங்களில் காதலனோ கணவனோதான். சிகிச்சைக்குப் போகாமல் அவள் தயங்குவதற்குப் பெரிய காரணம் குழந்தை: போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள், போனதாகத் தெரிந்தால் அரசு குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளுமா என்ற பயம். அந்தப் பயம் வீணானதல்ல. டென்னசி மாநிலம் 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கர்ப்பகாலத்தில் போதைமருந்து எடுத்ததால் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்றால், தாய்மீது தாக்குதல் வழக்குப் போடலாம். சிகிச்சையை முடித்தால் தப்பலாம் என்று அதிலேயே வழி வைத்திருந்தார்கள். ஆனால் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சை இடங்கள் அங்கே மிகக் குறைவு. நடந்தது என்னவென்றால், பெண்கள் மருத்துவமனைக்கே வரப் பயந்தார்கள். 2016 ஜூலையில் அந்தச் சட்டம் காலாவதியானது, நீட்டிக்கப்படவில்லை. சட்டம் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளிலும், சிகிச்சை தேடிய பெண்களுக்குத் தேவாலயங்களின் இல்லங்கள் எத்தனை முக்கியமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வேறு வாசல் இல்லாத இடத்தில் திறந்திருக்கும் ஒரே வாசல் அது.

அந்த ஒரே வாசல் என்பதுதான் சட்டரீதியான சிக்கலும். நீதிபதி ஒருவர் ‘சிறையா, இந்த இல்லமா?’ என்று கேட்டால் அது தேர்வு ஆகாது. அமெரிக்காவின் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இலும், ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இலும், கைதியையோ பரோலில் இருப்பவரையோ கடவுளை முன்வைக்கும் கூட்டங்களுக்குக் கட்டாயப்படுத்தி அனுப்புவது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தன. வழக்கில் இருந்தவை பன்னிரண்டு படிகளைப் பின்பற்றும் கூட்டங்கள். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழியில் வந்த அந்தக் கூட்டங்கள் கடவுளை ‘அவரவர் புரிந்துகொண்டபடி’ என்றே சொல்பவை. அவற்றுக்கே இந்தத் தீர்ப்பு என்றால், விவிலிய வகுப்பைக் கட்டாயமாக்கும் இல்லத்துக்கு எவ்வளவு பொருந்தும்! அரசின் பணம் மத இல்லங்களுக்குப் போகக்கூடாது என்பதல்ல வாதம். 2003இல் அதிபர் ஜார்ஜ் புஷ் போதை சிகிச்சைக்கு மூன்று ஆண்டுகளுக்கு 60 கோடி டாலர் அறிவித்தபோது, பணத்தை நிறுவனத்துக்குத் தராமல் நோயாளியின் பெயரில் சீட்டாகத் தரும் திட்டத்தை முன்வைத்தார். போகும் இடத்தை நோயாளியே தேர்ந்துகொள்வார். ஏற்பாடு சரி. ஆனால் தேர்வு என்பது நிஜமாக இருக்க, அதே ஊரில் மதம் சாராத இடமும் பெண்களுக்கென்று இருக்கவேண்டும். பல மாவட்டங்களில் அது இல்லை.

எல்லாவற்றையும்விட உயிரோடு விளையாடும் பிரச்சினை மருந்து.

ஓபியாய்டு பழக்கத்துக்கு மெத்தடோன், பியூப்ரனார்பின் என்ற இரண்டு மருந்துகள் உண்டு. இந்தச் சிகிச்சைக்குப் பியூப்ரனார்பினைப் பயன்படுத்த 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை தாமும் ஓபியாய்டுகளே. ஆனால் மெதுவாக, சீராக வேலை செய்பவை. ஏக்கத்தைத் தணித்து, விலகல் வேதனையை நிறுத்தி, மனிதரை வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பவைப்பவை. 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு இதை எண்களில் காட்டியது. மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் 1,000 பேரில் ஆண்டுக்கு 11 பேர் இறக்கிறார்கள். நிறுத்தியவர்களில் 36 பேர். இவ்வளவு தெளிவாக உயிர் காக்கும் மருந்துகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. ஆனால் நம்பிக்கை சார்ந்த இல்லங்கள் பலவற்றில் இவற்றுக்கு இடமில்லை. ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதே 2017இல் சுகாதார அமைச்சராக இருந்த டாம் பிரைஸ், மேற்கு வர்ஜீனியாவில் பேசும்போது ஏறக்குறைய இதையே சொல்லி, மத அமைப்புகளின் வழியைப் பாராட்டினார். நூற்றுக்கணக்கான மருத்துவர்களும் ஆய்வாளர்களும் அவருக்குக் கடிதம் எழுதி மறுத்தார்கள்.

மருந்தை நிறுத்திவிட்டு இல்லத்துக்குள் போகும் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும். சில வாரங்கள் எதுவும் எடுக்காமல் இருக்கும்போது உடல் தன் தாங்குசக்தியை இழந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் தடுமாறினால், முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். ஹெராயின் காலத்திலேயே இது ஆபத்து. ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டு கலந்த தூள் தெருவெங்கும் கிடைக்கும் காலத்தில் அது பன்மடங்கு. 2021 ஏப்ரலில் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் அமெரிக்காவில் மிகைமருந்தால் இறந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். போதையைத் தொட்டாள் என்பதற்காக அதே இரவில் பெட்டியோடு வெளியே அனுப்பும் இல்லம், அவள் உயிருக்கு மிக ஆபத்தான நேரத்தில் அவளைத் தனியாக விடுகிறது. அன்பின் பெயரால் நடக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய முரண் எதுவும் இல்லை.

நம்பிக்கையும் மருந்தும் ஒன்றாகப் போகமுடியாது என்பது உண்மையல்ல. மின்னசோட்டாவில் 1949இல் தொடங்கப்பட்ட ஹேசல்டன் சிகிச்சை மையம், பன்னிரண்டு படிகளின் கோட்டை என்றே பெயர் பெற்றது. போதைக்குத் தீர்வு முழுமையாக விட்டுவிடுவதுதான், மருந்து இல்லை என்பதில் பல பத்தாண்டுகள் உறுதியாக நின்றது. சிகிச்சை முடிந்து போனவர்களில் ஓபியாய்டு பழக்கம் இருந்தவர்கள் சில நாட்களிலேயே இறந்துபோவதை அதன் தலைமை மருத்துவர் மார்வின் செப்பாலா கண்டார். 2012இல் பியூப்ரனார்பினை ஏற்பதாக ஹேசல்டன் அறிவித்தது. கூட்டங்கள் தொடர்ந்தன, படிகளும் அவற்றில் இருக்கும் கடவுளும் அப்படியே இருந்தார்கள், மருந்தும் சேர்ந்தது. ஊழியர்களுக்குள் கடும் எதிர்ப்பு இருந்தும் செய்தார்கள். ஹேசல்டன் செய்ததைத் தேவாலயத்தின் ஓர் இல்லம் செய்ய முடியாததற்கு இறையியல் காரணம் எதுவும் தெரியவில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பெண்ணிடம், விசுவாசம் போதாது என்று போதகர்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. மருத்துவர் சொல்லி இந்த மருந்துகளை எடுப்பவரை அதற்காகவே ஒதுக்குவது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரான பாகுபாடு என்று அமெரிக்க நீதித்துறை 2022 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் மத அமைப்புகள் நேரடியாக நடத்தும் இடங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே அங்கே மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வராது. இல்லத்தை நடத்துபவர்களும், காணிக்கை கொடுத்து அதைத் தாங்கும் சபையினரும் கேட்டால்தான் வரும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. மிகைமருந்தால் மூச்சு நின்றவரை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான், 2023 மார்ச்சில் கிடைத்த அனுமதிக்குப் பின் அமெரிக்க மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமலே விற்கிறது. அதை ஒவ்வோர் இல்லத்திலும் வாங்கி வைக்கலாம். அங்கே வசிக்கும் பெண்கள் அனைவருக்கும் பயன்படுத்தும் முறையைச் சொல்லித்தரலாம். எந்தக் காரணத்துக்காக வெளியேறினாலும், போகும் பெண்ணின் கைப்பையில் ஒன்றைப் போட்டு அனுப்பலாம்.